வெள்ளைப் பயறும் ஒரு கரண்டி நெய்யும்

கண்ணு, கால அந்தப் பெட்டி மேல வெச்சராத சாமி. உள்ள பீங்கான் சட்டி இருக்குது, ஒடஞ்சு போயிரும். அமெரிக்காவுல இருந்து மடியில வெச்சுக் கொண்டாந்தது, இந்த ஈரோட்டு பஸ்ஸுல வந்து ஒடஞ்சா நல்லாவா இருக்கும்? இக்கட்டத் தள்ளி உக்காரு, எடம் இருக்குது. ஆமா, அமெரிக்காவுல இருந்துதான். வெடியால கோயமுத்தூர்ல எறங்குனேன். கூட்டிட்டுப் போறதுக்கு ஆரும் வல்ல. சொன்னாத்தான வருவாங்க? மருவாதியாப் போயி மருவாதி கெட்டு வந்திருக்கறேன், இதுக்கு மேளதாளத்தோட ஆளு வரோணுமாக்கும்.

நீ எதுவரைக்கும்? ஈரோடா? அப்ப உனக்கு முன்னாலயே நான் ஊத்துக்குளில எறங்கிருவேன். அதுக்குள்ள சொல்லிப்போடறேன் கண்ணு, ஆருகிட்டயாச்சும் சொல்லலீனா எனக்கு நெஞ்சு வெடிச்சுப் போயிரும். ஊர்ல போயிச் சொன்னா எம்பட புள்ளையத்தான் நாலு பேரு வாயில போட்டு மெல்லுவாங்க. நீ ஆரோ எவுரோ, எறங்கிப் போனா மறந்துருவ.

எம்பட மக எனக்குத் துரோகம் பண்ணிப்போட்டா. ஆமா, பெத்த மகதான். வேற ஆராச்சும் பண்ணியிருந்தா தொடச்சுப் போட்டுட்டுப் போயிருக்க மாட்டனா?

இரு, போனு அடிக்குது. அவதான். வுடு, அடிக்கட்டும்.

எம்பேரு துளசிமணி. இந்து ஒரே புள்ள, இந்துமதி. அவளுக்கு அஞ்சு வயசு இருக்கறப்பவே எங்கூட்டுக்காரரு போயிச் சேந்துட்டாரு. அப்பறம் எருமை மாடு வெச்சு, பாலு பீச்சி, வெண்ணெய் எடுத்து, நெய்யுருக்கி வித்துத்தான் அவளப் படிக்க வெச்சேன். எங்கூரு நெய்யி உனக்குத் தெரியுமல்ல? மூடியத் தொறந்தா மூணாவது வூட்டுக்காரன் எட்டிப் பாப்பான். அந்த நெய்யில வளந்த புள்ள கண்ணு அவ. சோத்துல நெய்யில்லீனா வட்டலத் தள்ளிப்போட்டு எந்திரிச்சுப் போயிருவா.

அப்பேர்ப்பட்டவ அமெரிக்காவுக்குப் போயி வீகனாயிட்டா. வீகன்னா என்னன்னு தெரியுமா? நானும் மொதல்ல சைவம்னுதான் நெனச்சேன். நல்லதுதான, கறி மீனு வேண்டாம்னா வேண்டாம். அப்பறம் பாத்தா பாலு ஆகாது, தயிரு ஆகாது, மோரு ஆகாது, நெய்யி ஆகாது. தேனு கூட ஆகாதாமா. அடக் கெரகமே, பூச்சிகிட்டயும் பாவம் பாத்தா மனுசன் எங்க போறது? எருமைப் பாலுல படிச்சு எஞ்சினீரானவ, பாலே ஆகாதுங்கறா. இது துரோகத்துல சேராதா? சேரும். ஆனா நான் அதச் சொல்ல வல்ல. அத நான் பொறுத்துக்கிட்டேன்.

எதுக்குடி இந்தக் கோளாறுனு ஒருக்கா போன்ல கேட்டேன். கட்டக்கொம்பி ஞாவகம் இருக்குதாம்மான்னா. இல்லாம? கட்டக்கொம்பியாட்ட ஒரு எருமை எங்க கட்டுத்தறியில அதுக்கப்பறம் நிக்கவே இல்ல. நெம்ப நல்ல எருமை, ஒதைக்காது. ஒரு வருசம் அதுக்குக் கன்னு செத்துப் போச்சு. கன்னு இல்லீனா எருமை பாலு எறக்காது, மடியக் கெட்டியாப் புடிச்சுக்கும். அப்பெல்லாம் என்ன பண்ணுவாங்கன்னா, செத்த கன்னுத் தோல உரிச்சு, உள்ளுக்குள்ள வைக்கப்புல்லத் திணிச்சு, தச்சு, நாலு குச்சியக் காலாட்ட நட்டு நிறுத்திருவாங்க. எருமை அதத் தன் கன்னுன்னு நெனச்சு நக்கும். நக்கறப்ப பாலு எறங்கிரும். நம்ம பீச்சிக்க வேண்டியதுதான். அந்த ஈத்து பூராவும் அப்பிடித்தான் பீச்சுனேன், ஒரு நேரங்கூடத் தவறல. இவ அப்ப ரெண்டாங்கிளாஸு. கட்டுத்தறிக் கம்பத்தக் கட்டிப் புடிச்சுட்டு நின்னு பாத்துட்டே இருந்தா. ஏம்மா அது நக்குதுன்னு கேட்டுட்டே இருந்தா. ரெண்டு நாளு பாலு குடிக்க மாட்டேன்னு மொரண்டு புடிச்சா, நாலு சாத்து சாத்துனேன், குடிச்சுட்டா. அதப் போயி இத்தன வருசம் கழிச்சு எதுக்கு ஞாவகப்படுத்தறா, சொல்லு.

சரி, கதைக்கு வாரேன். கொளந்த பொறந்திருக்குது, வாங்கத்தைன்னு மாப்பிள்ளை டிக்கட்டுப் போட்டாரு. போயிப் பாத்தேன். பெத்த ஒடம்பாட்டவா இருந்தா? எலும்பும் தோலுமா, கண்ணுக்குக் கீழ கருவளயம், தல முடியெல்லாம் கொட்டிப் போயி. கொளந்தைக்குப் பாலு எறங்கல. அந்தப் பூங்கொளந்த மாருல வாய வெச்சு இழுத்து இழுத்துப் பாத்துட்டு அழுவுது. இவளும் கூடச் சேந்து அழுவறா. டப்பாப் பாலு குடுக்கலாம்னு ஆசுபத்திரியில சொன்னாங்களாமா. அது மாட்டுப் பாலு, வேண்டாம்ங்கறா. வேற என்னமோ சோயாவுல பண்ணுன பவுடர வாங்கியாந்து வெச்சிருந்தாங்க. கொளந்த அத ஒரு வாயி குடிச்சா ரெண்டு வாயி கக்குது.

கண்ணு, நீ இன்னும் கலியாணம் ஆகாத புள்ள, உனக்குத் தெரியாது. பெத்தவளுக்கு நெய்யும் பூண்டுந்தான் மருந்து. நெய்யில்லாத பத்தியம் என்ன பத்தியம்? நான் பெத்தப்ப எங்காத்தா எனக்கு ஒரு வேளைக்கு ஒரு கை நெய்யி ஊத்துவா. சொல்லிப் பாத்தேன், கெஞ்சிப் பாத்தேன், மருந்துன்னு நெனச்சுக் கண்ண மூடிட்டுக் குடிடின்னேன். அம்மா, பேச்ச வுடுன்னுட்டா.

நான் நெய்யி கொண்டு போயிருந்தேன். அங்க ஏர்போட்டுல புடுங்கிருவாங்கன்னு பக்கத்தூட்டு அம்மிணி பயமுறுத்துனா, அதனால தேங்காயெண்ணெய் பாட்டல்ல ஊத்திக் கொண்டு போனேன். ரெண்டும் ஒறஞ்சா ஆருக்கு வித்தியாசம் தெரியும்? எம்பட பெட்டியில துணிக்கடியில இருந்துது. ஒளிச்சு வெக்கல. எடுத்து வெச்சிருந்தேன்.

அவளுக்குப் புடிச்ச சாப்பாடுன்னு அங்க ஒண்ணு இருக்குது. பேக்குடு பீன்ஸு. நம்ம தட்டப்பயறாட்ட, ஆனா நல்லா வெள்ளையா இருக்கும் அந்தப் பயறு. அந்தூரு வெள்ளைக்காரங்க காலங்காலமாப் பண்றதாமா, அதுல பன்னிக் கொழுப்புப் போடுவாங்களாமா. அது இல்லாம இவ பண்ணுவா. இந்தப் பெட்டிக்குள்ள இருக்குதே சட்டி, இதுலதான். ஸ்லோ குக்கர்னு பேரு. அடில கரண்டு, மேல பீங்கான் சட்டி. வெடியாலப் போட்டு மூடி வெச்சா பொழுது சாயத்தான் வேகும். கொதிக்காது, பொங்காது, சத்தமே இருக்காது. நாங்கெல்லாம் கொடியடுப்புல பயறு வெச்சுட்டுக் காட்டுக்குப் போயிருவோமே, அதாட்ட.

குடு, நான் பண்றேன்னு கைல வாங்கிட்டேன். ராத்திரியே பயற ஊறப் போட்டு, வெடியால ஒரு கொதி வேக வெச்சு எடுத்துக்குவேன். வெங்காயத்தப் பொடிசா அரிஞ்சு, தக்காளிய அரைச்சு, கடுகுப் பொடி, கொஞ்சம் புளித்தண்ணி. அவங்க என்னமோ கறுப்பா ஒரு பாகு ஊத்துவாங்க, நான் ஊர்ல இருந்து கொண்டு போன நாட்டுச்சக்கரையப் போட்டேன். சக்கரையும் புளியும் பயறு வெந்தப்பறந்தான் போடோணும், முன்னாலயே போட்டா எத்தன நேரம் கெடந்தாலும் கல்லாட்டக் கெடக்கும். பூண்டு மட்டும் கை நெறைய. அது அவங்க பண்றதுல இல்ல, நான் போட்டேன், பாலு எறங்கட்டும்னு.

அப்பறம் ஒரு கரண்டி நெய்யி.

என்ன அப்பிடிப் பாக்கற? மருந்துதான? வெசத்தையா வெச்சேன்? ஒரு சட்டிக்கு ஒரு கரண்டி. கொளந்தைக்குத் துணி மாத்த இவ ரூமுக்குள்ள போனா, நான் பாட்டல எடுத்துட்டு வந்து ஊத்திக் கலக்கிட்டு, பாட்டல மறுபடியும் துணிக்கடியில வெச்சுருவேன். அவ்வளவுதான்.

மொத நாளு நான் சட்டியவே பாத்துட்டு நின்னேன். சாப்புட வந்தா. சட்டி மூடியத் தொறந்தா. குனிஞ்சு மோந்து பாத்தா. தலையத் தூக்கி என்னையப் பாத்தா. நான் பாத்தரம் கழுவறாட்டத் திரும்பிட்டேன். அப்பறம் கரண்டிய எடுத்தா. போட்டுச் சாப்புட்டா. எப்பிடிடி இருக்குதுன்னேன். நல்லாருக்குதும்மான்னா. இன்னொரு கரண்டி போடட்டுமான்னேன், போடுன்னா. அட சாமி, எனக்கு அன்னைக்கு வந்த சந்தோசத்தச் சொல்லி மாளாது. அமெரிக்கா போயி எம்புள்ளைக்கு மூக்கு மழுங்கிப் போச்சு, நல்லதாப் போச்சுன்னு நெனச்சுட்டேன்.

அப்பறம் வாரத்துக்கு நாலு நாளு அதேதான். வேற சாப்பாட்ட வெச்சா கோழியாட்டக் கொறிப்பா, இத வெச்சா வட்டலத் தொடச்சுச் சாப்புடுவா. நம்பு நம்பாட்டிப் போ, பாலு எறங்கிருச்சு கண்ணு. கொளந்த மாருல வாய வெச்சுதுன்னா மடக்கு மடக்குனு குடிக்கற சத்தம் இந்தக் கோடிக்குக் கேக்கும். கன்னம் உப்பிருச்சு. இவளுக்கும் மூஞ்சியில களை வந்துருச்சு. ஆரு பண்ணுன வேலை? நானும் எம்பட பாட்டலும் பண்ணுன வேலை.

மறுக்காவும் அடிக்கறா பாரு. அடிக்கட்டும். அங்க அத்தன பேரு முன்னால அவமானப்படுத்திப்போட்டு, இங்க வந்து எதுக்கு அடிக்கறது?

அதச் சொல்றேன். கொளந்தைக்கு ஒரு விருந்து வெச்சாங்க. நம்மூராட்ட ஒறம்பரை சொந்தக்காரங்க இல்ல, இவகூட வேலை செய்யறவங்க, பக்கத்தூட்டுக்காரங்க. முக்காவாசி அதே வீகன் கூட்டம். அம்மா பண்ற பீன்ஸத்தான் வெக்கறதுன்னு மாப்பிள்ளைதான் சொன்னாரு. பாவம், அவரு நல்ல மனுசன், ஒண்ணும் தெரியாது.  வெடியால நான் அடுப்படியில நிக்கறேன், இவ வந்தா. அம்மா, இன்னைக்கு வெளியாளுக சாப்புடறாங்க, இன்னைக்கு மட்டும் எதையும் சேக்காத, என்ன? அப்பிடின்னா. நான் என்னத்தடி சேத்தறேன்னு கேட்டேன். என்னையவே பாத்துட்டு நின்னா. ஒண்ணுமில்லம்மான்னுட்டுப் போயிட்டா. சந்தேகமா இருந்தா அங்கயே கேட்டிருக்கலாமல்ல? நெஞ்சுல ஒண்ண வெச்சுட்டு வாயில ஒண்ணு பேசற பழக்கம் எங்க வமிசத்துலயே கெடையாது.

சேக்காதன்னா சேக்காம இருந்திருக்கலாம்ங்கறயா? இருந்திருக்கலாம். ஆனா நாலு பேரு சாப்புட வர்ற எடத்துல, எம்பட பேத்தி விருந்துல, நெய்யில்லாம ஒரு பண்டத்த எப்பிடிக் கண்ணு வெக்கறது? துளசிமணி கையிக்குன்னு ஒரு பேரு இருக்குது. ரெண்டு கரண்டியா ஊத்துனேன்.

வந்தாங்க. எல்லாரும் அந்தச் சட்டியச் சுத்தித்தான் நின்னாங்க. வாசம் அப்பிடி. செவப்பு முடிக்காரி ஒருத்தி, நாலு வயசுப் பொடியன் ஒருத்தனக் கூட்டிட்டு வந்திருந்தா. எங்கிட்ட என்னமோ கேட்டா. இந்து அப்பத்தான் கொளந்தையத் தூக்கிட்டு ரூமுல இருந்து வெளிய வாரா. அதுக்குள்ள நான் அந்தப் பொடியனுக்குத் தட்டுல போட்டுக் குடுத்துட்டேன். கொளந்த ஆசையாக் கேக்குது, குடுக்காம? அவன் ஸ்பூன வாய்க்குக் கொண்டு போறான், இவ அங்கிருந்து ஒரே ஓட்டம். மாருல கொளந்தையோட ஓடியாந்து அந்தத் தட்டத் தட்டி வுட்டுட்டா. கீழ வுழுந்து செதறிப் போச்சு. பொடியன் வீல்னு கத்தறான்.

அப்பறம் இங்கிலீசுல பேசுனா. எனக்கு அந்தப் பாசை என்ன தெரியும். ஆனா நெய்யின்னு அவ வாயில வந்துது, அது தெரிஞ்சுது. மை மதர்னு வந்துது, அதுவும் தெரிஞ்சுது. எல்லாரும் தட்டக் கீழ வெச்சுட்டாங்க. ஒருத்தி வாயில இருந்தத துணியில துப்புனா கண்ணு. நான் ஆக்குனத என் கண்ணு முன்னால துப்புனா. அந்தச் செவப்பு முடிக்காரி மகன் வாயக் கையால தொடச்சு வுடறா, மூஞ்சி வெளுத்துப் போச்சு. மாப்பிள்ளை வந்து சட்டியோட தூக்கிட்டுப் போயிக் குப்பையில கொட்டிட்டாரு. நான் கரண்டியப் புடிச்சுட்டு அப்பிடியே நிக்கறேன். பூமி பொளந்து என்னைய முழுங்கியிருக்கக் கூடாதான்னு இருந்துது.

அந்தப் பொடியனுக்குப் பாலு ஆகாதாமா. ஒரு துளி பட்டாலும் தொண்டை வீங்கி மூச்சு அடைச்சுக்குமாமா. மாப்பிள்ளை அப்பறம் சொன்னாரு. எனக்கு ஆராச்சும் சொன்னாங்களா? சொன்னா அவனுக்குத் தனியா எடுத்து வெச்சிருப்பேன். அதுவுமில்லாம, நெய்யில என்ன கண்ணு பாலு இருக்குது? உருக்குனப்பறம் அது நெய்யிதான?

எல்லாரும் போகட்டும்னு இருந்தேன். அடுப்படியில புடிச்சேன் அவள. மாப்பிள்ளைதான எம்பட பெட்டியச் சோதிச்சுச் சொன்னாருன்னு கேட்டேன். அவருக்குத் தெரியாதும்மான்னா. அப்பறம் உனக்கு ஆரு சொன்னா? ஆரும் சொல்லலைம்மா, மொத நாளே தெரியும், நம்மூட்டு நெய்யி வாசம் எனக்குத் தெரியாதான்னா.

மொத நாளே!  மொத நாளே தெரிஞ்சவ ஏண்டி வாயத் தொறக்கல? ஏண்டி சாப்புட்ட? நல்லாருக்குதுன்னு ஏண்டி சொன்ன? இத்தன நாளா என்னையக் கோமாளியாக்கி வேடிக்க பாத்தயான்னு கத்துனேன்.  நீ வெச்சயேம்மா, அதனால சாப்புட்டேன்னா. அவ்வளவுதான். அது ஒரு பதிலா? குத்திக் காட்டறதுக்கு ஒரு அளவில்லையா?

நெனச்சுப் பாரு கண்ணு. பெத்தவ திருட்டுத்தனமாப் பாட்டல எடுத்துட்டு வாரா, ஊத்தறா, ஒளிச்சு வெக்கறா. எல்லாந் தெரிஞ்சுட்டே ஒருத்தி ஒண்ணுந் தெரியாதவளாட்ட உக்காந்து வட்டலத் தொடச்சுச் சாப்புடறா. அவளுக்கு ஆகாதது, பாவம்னு நெனைக்கறது, அத முழுங்கறா, சிரிக்கறா, இன்னொரு கரண்டி போடுங்கறா. என்ன நெஞ்சழுத்தம்! நான் நடிச்சது அவ நல்லதுக்கு. அவ எதுக்கு நடிச்சா? அதத்தான் என்னால தாங்க முடியல. அடுத்தவங்க முன்னால துப்புனது கூடப் போச்சு, இது போகல. இங்க நிக்குது.

அன்னைக்கே சொல்லிட்டேன், என்னைய ஏத்தி வுட்டுருங்கன்னு. இன்னும் ரெண்டு மாசம் இருக்கோணும்னு இருந்தவ நான். அவ அழுதா. அம்மா, போகாதம்மா, பாப்பாவுக்கு நீ வேணும்னா. நான் திரும்பிப் பாக்கல. இந்தச் சட்டியத் தூக்கிட்டேன். நம்மூரு கரண்டுக்கு இது ஆகாதுங்கத்தை, போட்டா எரிஞ்சு போயிரும்னு மாப்பிள்ளை சொன்னாரு. எரிஞ்சாப் போகட்டும், எம்பட கை பட்ட சட்டி இந்த வூட்ல இருக்கப்படாதுன்னு கொண்டாந்துட்டேன். ஏர்போட்டுல கண்ணாடிக்கு அக்கட்ட கொளந்தையோட நின்னுட்டே இருந்தா. அப்பவும் நான் பாக்கல. பாக்கலீன்னா, பாக்காதவளாட்டப் பாத்தேன்.

என்ன கண்ணு கேட்ட? சத்தமாச் சொல்லு, பஸ்ஸு இரைச்சல்ல கேக்கல.

எருமைக்கா? கட்டக்கொம்பிக்கா? அது வைக்கப்புல்லுக் கன்னுன்னு அதுக்குத் தெரியாதான்னா கேக்கற?

தெரியாதுன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. மாட்டுக்கு என்ன தெரியும்னு. வாயில்லாச் சீவன், ஏமாந்து போயிப் பாலு எறக்குதுன்னு.

இரு, ரோசன பண்றேன். மொத நாளு நாந்தான் அத முன்னால நிறுத்துனேன். நக்கல. குனிஞ்சு மோந்து பாத்துது. அங்கயும் இங்கயும் மோந்து பாத்துது. அப்பறம் தலையத் தூக்கி என்னையப் பாத்துது. நல்லா ஞாவகம் இருக்குது, என்னையத்தான் பாத்துது. வூட்ல அரிசியில்ல, புள்ள பட்டினி, கைல செம்போட நிக்கறேன். நான் வேற பக்கம் திரும்பிட்டேன். அப்பறந்தான் நக்குச்சு.

தன் கன்ன மோந்து பாத்தா எருமைக்குத் தெரியாமயா கண்ணு இருக்கும்?

…

ஒண்ணுமில்ல. காத்து கண்ணுல அடிக்குது. அந்தச் சன்னலக் கொஞ்சம் எறக்கி வுடு.

எந்திரிக்கோணும், ஊத்துக்குளி வந்துருச்சு. பெட்டியப் புடி, மெல்ல, மெல்ல. ஏனுங் கண்டக்டரு, கொஞ்சம் நிறுத்துங், வயசானவ எறங்கறேன். பாரு, மறுபடியும் போனு அடிக்குது. அங்க இப்ப நடுராத்திரியா இருக்குமே, தூங்காம உக்காந்துட்டு அடிக்கறா. கண்ணு, எங்கையி ரெண்டுலயும் சாமான். அந்தப் பச்சையத் தள்ளி வுட்டு எங்காதுல வெய்யி சாமி.

இந்து? ஆமா, அம்மாதான். வந்து சேந்துட்டேன். அழுவாத. அதெல்லாம் இருக்கட்டும், அழுவாத. கொளந்த எங்க? பாலு எறங்குதா கண்ணு?